கொடை வரி, குழாய் சத்தம், கம்புச் சண்டை: சாமி பேர்ல எப்ப கை ஓங்கலாம்னு லிபர்ட்டேரியன் கணக்குல பாக்குறது எப்படி

சித்திரை பொறந்துட்டா நம்ம நெல்லைப் பக்கம் ஊருக்கு ஊரு கொடை, அதாவது அம்மன், சுடலை கோயில் திருவிழா, கொடைன்னா ஊர்க்கூட்டம், கூட்டம்னா சண்டை. ஒருத்தன் வரி குடுக்க மாட்டேங்கான், ஒரு வீட்டுக்காரி மைக்செட் குழாயை அந்தப் பக்கம் திருப்பி வைங்கா, சப்பரம் எங்க தெருவுக்குள்ள வரக்கூடாதுங்கான் இன்னொருத்தன், வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், நோட்டீஸ் குடுத்துட்டுப் போயிட்டான்னு நாலு இளவட்டம் கம்போட நிக்கும். யாரைக் கேட்டாலும் "சாமி காரியம்லா"ம்பாவ, அதோட பேச்சு முடிஞ்சிரும். அந்தப் பேச்சை முடிய விடாம எப்படி யோசிக்கதுன்னு சொல்லத்தான் இது.

லிபர்ட்டேரியன்னு ஒரு கூட்டம் இருக்குல்லா, அமெரிக்காவுல ஜாஸ்தி, நம்ம ஊர்ல அந்தப் பேர்ல யாரும் பெருசா கிடையாது, 1959ல ராஜாஜி ஆரம்பிச்ச சுதந்திராக் கட்சியை வேணா தூரத்துச் சொந்தம்னு சொல்லிக்கிடலாம். அவங்க அடிப்படை ஒரே வரிதான்: அடுத்தவன் உடம்பு மேலயும் சொத்து மேலயும் நீ முதல்ல கை வைக்காத, அவன் வச்சா தடுக்க உனக்கு உரிமை உண்டு. தனி ஆளுக்கு மட்டும் இல்ல, சர்க்காருக்கும் இதே சட்டம்தாம்பாவ. மத விஷயத்துல அவங்களுக்குள்ள ஒத்த கருத்து கிடையாது. இந்த 'முதல்ல கை வைக்காத'ங்கிறதை ஓயாம சொன்ன அய்ன் ராண்ட்ங்க அமெரிக்க எழுத்தாளர் பச்சை நாத்திகம், அந்தம்மா லிபர்ட்டேரியன்னு கூப்பிட்டாலே எரிஞ்சு விழும், அது வேற. அந்தக் கூட்டத்துப் பொருளாதார நிபுணர் முரே ராத்பார்டும் பக்திமான் கிடையாது. ஆனா பைபிளை வச்சே இதே இடத்துக்கு வந்து சேந்தவங்களும் இருக்காவ. அதனால நீங்க எந்தச் சாமி கும்பிட்டாலும் கும்பிடாட்டாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாக்கலாம். நான் அந்தக் கட்சி கிடையாது, ஆனா ஊர்க்கூட்டத்துக்கு இதைவிட உருப்படியான கணக்கு எனக்குக் கிடைக்கல, எங்க இது நொண்டுதுன்னும் கீழ சொல்லுதேன்.

முதல் வேலை, நடந்த சங்கதியில இருந்து சாமியை எடுத்துட்டு அதே வாக்கியத்தை இன்னொரு தடவ சொல்லிப் பாருங்க. "எங்க சுடலையைக் கேவலமா பேசுனான், அதான் அடிச்சோம்." சுடலையை எடுங்க. "அவன் பேசுனான், நாங்க அடிச்சோம்." நிக்கலல்லா? இப்ப இன்னொண்ணு. "சுடலை பீடத்தை மண்வெட்டி வச்சு இடிக்க வந்தான், பிடிச்சு வெளிய தள்ளுனோம்." சாமியை எடுத்தாலும், "நாங்க காசு போட்டுக் கட்டுனதை இடிக்க வந்தான், தள்ளுனோம்." இது நிக்குது. சாமி பேரைச் சொன்னா அடிக்கு உரிமை கூடவும் செய்யாது குறையவும் செய்யாது, மொத்த விஷயமும் இதுதான். அமெரிக்காவுல ஜெஃபர்சன் எழுதி வச்சிருக்காரு, பக்கத்து வீட்டுக்காரன் இருபது சாமி இருக்குன்னு சொன்னாலும் சாமியே இல்லன்னு சொன்னாலும் அதனால என் பாக்கெட்டுல காசும் போகல, காலும் உடையலன்னு. இருபதாம், நம்ம சுடலை கோயிலுக்கு வந்திருந்தா இருபத்தோரு பீடத்தைக் காட்டியிருக்கலாம். அவர் எழுதுன மத சுதந்திரச் சட்டம் வர்ஜீனியாவுல 1786ல நிறைவேறுச்சு, அந்த ஆளே அடிமை வச்சு வேலை வாங்குனவருதாங்கதையும் மறக்க வேண்டாம். அவருக்கு முன்னால 1689ல ஜான் லாக்ங்க இங்கிலீஷ் தத்துவக்காரர் இதே மாதிரி சர்க்கார் ஆத்மா விஷயத்துல கை வைக்கக்கூடாதுன்னு எழுதுனாரு, எழுதிட்டு நாத்திகனுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாதுன்னுட்டாரு, சாமி பயம் இல்லாதவன் சத்தியத்தை நம்ப முடியாதாம். பெரிய ஆளுங்களுக்கும் சாமியை முழுசா எடுத்துட்டுப் பாக்குறது லேசா வரல, நமக்கு வரலன்னா வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது, யார் முதல்ல கை வச்சதுன்னு பாக்கணும். இதுக்குக் கொடை வரிதான் நல்ல பாடம், கொஞ்சம் நின்னு பாப்போம்.

ஊர்க்கூட்டம் கோயில் முன்னால கூடியிருக்குன்னு வச்சுக்கிடுங்க. தர்மகர்த்தா அண்ணாச்சி நீளமான வரி நோட்டை மடியில வச்சிருக்காரு, தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ரெண்டாயிரம். வாசிச்சுக்கிட்டே வாராரு, ஒரு பேரு வரும்போது கூட்டத்துல ஒரு சத்தம், "அவன் வேதத்துல சேந்துட்டாம்லா." அந்தப் பையன் ஓரமா நிக்கான். "இல்ல பெரியப்பா, எனக்கு இனிமே வரி வேண்டாம், சோறும் வேண்டாம், கிடா பங்கும் வேண்டாம்." "அப்ப உங்க அப்பன் தாத்தன் குடுத்தது?" "அது குடுத்தது குடுத்ததுதான், நான் திருப்பிக் கேக்கல." "ஊர்ல இருக்கியா இல்லியாலே?"

இதுல லிபர்ட்டேரியன் என்ன பாப்பான்னா, வரிதாரரா இருக்கது ஒரு ஒப்பந்தம். உள்ள இருந்தா வரி குடுக்கணும், பங்கு வாங்கிக்கிடலாம், கூட்டத்துல பேசலாம். வெளிய போறேன்னா போகலாம், போகும்போது பங்கு போயிரும். போன வருசம் கூட்டத்துல கையைத் தூக்கி 'வில்லுப்பாட்டுச் செலவு நான் ஏத்துக்கிடுதேன்'னு சொல்லி அட்வான்ஸும் ஊர் குடுத்தாச்சுன்னா அந்தக் கடனை அடைச்சுட்டுத்தான் போகணும், அதை ஊர் நியாயமா கேக்கலாம். அதுக்கு மேல ஒரு ரூவா கேட்டாலும், குடுக்கலன்னா வீட்டுக் கதவைத் தட்டி ஆட்டை அவுத்துட்டுப் போனாலும், அங்க முதல்ல கை வச்சது ஊர்தான், அம்மன் பேர்ல பிரிச்சாலும் அதுக்குப் பேரு பறிக்கதுதான்.

அப்ப ஊர் அவனை ஒதுக்கி வைக்கலாமா? நம்மாளுங்க மாட்டிக்கிடுத இடம் இதுதான். கோயிலுக்குள்ள மாலை மரியாதை கிடையாது, கல்யாணத்துக்குச் சொல்ல மாட்டோம், பேச மாட்டோம், கடையில சாமான் குடுக்க மாட்டோம், இதெல்லாம் மனசுக்குக் கஷ்டந்தான், ஆனா லிபர்ட்டேரியன் கணக்குல இது பலாத்காரம் ஆகாது, யார்கூட பேசணும்கிறது அவனவன் இஷ்டம். 1949ல பம்பாய் சர்க்கார் ஒதுக்கி வைக்கதைத் தடுத்து ஒரு சட்டம் போட்டுது, தாவூதி போராங்க முஸ்லிம் பிரிவோட தலைவர் கேஸ் போட்டு 1962ல சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தை ரத்து பண்ணிட்டு, மத ஒழுங்கைக் காப்பாத்த விலக்கி வைக்கது அந்த மதத்தோட சொந்த விசயம்னு. பிறகு அது மறுபடி பெரிய பெஞ்சுக்குப் போயிருக்கு. ஆனா ஊர்க் குழாயில தண்ணி பிடிக்க விட மாட்டோம், சுடுகாட்டுப் பாதையை மறிப்போம், அவன் வயலுக்கு யாரும் வேலைக்குப் போனா அபராதம் போடுவோம்னா அங்க கை வச்சாச்சு. பேசாம இருக்கது வேற, பேசுதவன் மேல அபராதம் போடுதது வேற. இந்த ரெண்டாவதைத்தான் ஊர் 'கட்டுப்பாடு'ங்காவ.

மூணாவது கேள்வி, இடம் யாருது. கழுகுமலையில 1895ல பங்குனித் தேரோட்டத்துல நடந்த கலவரத்துல உசுரு போச்சு. நாடாருங்க தேர் வீதியில ஊர்வலம் போகலாமா கூடாதாங்கதுல ஆரம்பிச்சது, நிறையப் பேரு கத்தோலிக்கத்துல சேந்து அந்த வீதியிலயே ஒரு இடத்தை வாங்கிக் கோயில் வச்சு, கடைசியில தேர் வரும்போது வெடிச்சுது. தெரு ஊருக்கா, கோயிலுக்கா, எட்டயபுரம் ஜமீனுக்கா, இந்த ஒரு கேள்விக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட பதில் இருந்திருந்தா பாதி சண்டை இல்ல. நாலு வருசம் கழிச்சு 1899ல சிவகாசி கலவரம், அப்ப சிவகாசி நம்ம திருநெல்வேலி ஜில்லாதான், கோயிலுக்குள்ள நுழையுற உரிமைதான் விசயம். அதனால சப்பரம் எந்தத் தெருவுல போகுதுன்னு சண்டை வந்தா முதல்ல அந்தத் தெரு பஞ்சாயத்து ரோடான்னு பாருங்க. பஞ்சாயத்து ரோடுன்னா சுடலை சப்பரத்துக்கும் மாதா சப்பரத்துக்கும் சந்தனக்கூடுக்கும் ஒரே பாத்தியதைதான், 'எங்க தெரு'ங்கிற பேச்சே கிடையாது.

மத மாத்தம். நோட்டீஸ் குடுக்கது, தெருமுனையில நின்னு பிரசங்கம் பண்ணுதது, உங்க சாமி பொய்னு சொல்லுதது, எல்லாம் வாய் வார்த்தை, வார்த்தைக்குப் பதில் வார்த்தைதான். பிடிக்கலன்னா கதவைச் சாத்துங்க, நோட்டீஸைக் கிழிங்க, நீங்களும் ஒரு நோட்டீஸ் அடிங்க. உங்க வளவுக்குள்ள வந்து நிக்கான், போன்னு சொல்லியும் போகலன்னா கையைப் பிடிச்சு வெளிய விடலாம், அது உங்க இடம். தமிழ்நாட்டுல 2002ல கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்துது, பலாத்காரம், ஆசை காட்டுதது, மோசடி மூணுக்கும் தடை, 2004 எலக்ஷனுக்குப் பிறகு வாபஸ் வாங்கிட்டாவ. லிபர்ட்டேரியன்ட்ட அந்த மூணையும் குடுத்தா பலாத்காரத்துக்கும் மோசடிக்கும் சரின்னுட்டு ஆசை காட்டுததை மட்டும் வெட்டிருவான். பள்ளிக்கூடத்துல சீட்டு தாரேன்னு சொல்லிக் கூப்பிட்டா அதுல யாருக்கு அடி விழுந்துது? ஓட்டுக்குப் பணம் வாங்குத ஊர்ல இருந்துக்கிட்டு இதைப் பாவம்னு சொல்ல எனக்கும் வாய் வரல. 1977ல ஸ்டானிஸ்லாஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், மதத்தைப் பரப்ப உரிமை உண்டு ஆனா அடுத்தவனை மாத்துத உரிமை கிடையாதுன்னு சொல்லியிருக்கு, லிபர்ட்டேரியனுங்க அதை ஒத்துக்கிட மாட்டாங்க, மாறுதவன் அவனா மாறுதான், மாத்துதவன்னு ஒருத்தன் எங்க இருக்காங்கிறது அவங்க கேள்வி.

தென்காசிப் பக்கம் மீனாட்சிபுரத்துல 1981 பிப்ரவரியில கிட்டத்தட்ட 180 குடும்பம் ஒரே நாள்ல இஸ்லாத்துக்குப் போனப்ப நாடே கிடுகிடுத்துது, அரபு நாட்டுப் பணம்னாங்க, டெல்லியில இருந்தெல்லாம் தலைவருங்க வந்தாங்க. அந்த ஜனங்க மேல சாதிப் பேரைச் சொல்லி விழுந்த அடியும் அவமானமும் பத்தி அவ்வளவு பேரும் வந்து கேக்கல. அடி விழுத இடத்தை விட்டு ஒருத்தன் எந்திச்சுப் போறதை அடிச்சுத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது, லிபர்ட்டேரியனுக்கு இதுல ரெண்டாம் பேச்சே இல்ல. நம்ம பக்கத்துக்கு இது புதுசும் இல்ல, சாத்தான்குளம் பக்கத்து முதலூர் 1799ல அப்படி உண்டான ஊருதான், வேதத்துல சேந்ததுக்கு அடி வாங்குனவங்க தனியா நிலம் வாங்கி குடியேறுனது. இப்ப மஸ்கோத் அல்வாவுக்குத்தான் பேரு.

இனி குழாய். இதுல சட்டம் தெளிவு, தத்துவந்தான் சிக்கல். சட்டப்படி 2000ல வந்த ஒலி மாசு விதி, ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 வரை குழாய் கூடாது, திருவிழாவுக்குன்னு வருசத்துல 15 நாளுக்கு மிகாம நடுராத்திரி 12 வரை சர்க்கார் தளர்த்திக்கிடலாம், குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. அதே வருசம் சென்னையில ஒரு சர்ச் கேஸ்ல, அடுத்தவன் அமைதியைக் கெடுத்து ஜெபம் பண்ணச் சொல்லி எந்த மதமும் சொல்லலன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு. நம்ம சாமக்கொடையே 12 மணிக்குத்தான் சூடு பிடிக்கும், அது அவங்களுக்கு எங்க தெரியும்.

ராத்பார்ட் இதுக்கு ஒரு வழி சொல்லியிருக்காரு. சத்தம் உன் வீட்டுக்குள்ள வந்து உன் வாழ்க்கையைக் கெடுத்தா அது அத்துமீறல்தான், ஆனா யார் முந்தி வந்ததுன்னு பாக்கணும். ஏர்போர்ட் முதல்ல இருந்து, பிறகு நீ பக்கத்துல வீடு கட்டுனா அந்த அளவு சத்தத்துக்கு ஏர்போர்ட்டுக்குப் பாத்தியதை உண்டு. இதைக் கோயிலுக்குப் போட்டுப் பாருங்க. முத்தாரம்மன் கோயில் மூணு தலைமுறையா இருக்கு, நேத்து பிளாட் வாங்கி வீடு கட்டுனவரு கொட்டுச் சத்தம் ஆகாதுன்னா ஆகாது, அது தெரிஞ்சுதான வந்தாரு. ஆனா மூணு தலைமுறையா அங்க கேட்டது மேளமும் வில்லும் மகுடமும், ஆளு உயரத்துக்கு அடுக்குன பாக்ஸ் இல்ல. முந்தி இருந்த அளவுக்குத்தான் பாத்தியதை, கூட்டுன சத்தத்துக்குக் கிடையாது. இதை எடுத்துச் சொன்னா ரெண்டு பக்கமும் கோவம் வரும், நல்ல தீர்ப்புன்னா அப்படித்தான் இருக்கும்போல.

சரி, பரீட்சைக்குப் படிக்க பிள்ளை இருக்குத வீட்டு ஜன்னலுக்கு நேரா வேப்ப மரத்துல குழாயைக் கட்டியிருக்கான், மணி பதினொண்ணு, சொல்லியும் கேக்கல. போய் வயரை வெட்டலாமா? இங்கதான் நாலாவது கேள்வி: இப்பவே செய்யணுமா, எவ்வளவு செய்யணும். முதல்ல போய் கேளுங்க, ரெண்டாவது போலீஸுக்குப் போடுங்க, 112. வயரை வெட்டப் போனா கரண்ட் இருக்கு, மரத்தடியில முப்பது பேரு இருக்கான், தத்துவம் உங்க பக்கம் இருந்தாலும் கம்பு அவன் பக்கம். சட்டமும் இதையேதான் சொல்லுது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 96ல இருந்து 106 வரை இருந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 34ல இருந்து 44. அதுல 37வது பிரிவைப் படிச்சு வச்சுக்கிடுங்க: போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தா நீங்களா கை வைக்கக்கூடாது, வச்சாலும் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல போகக்கூடாது. நம்ம ஊர்ல நிறைய பேரு 'அவன்தான் முதல்ல அடிச்சான்'னா போதும்னு நினைக்கான், ஓடுதவனை விரட்டிப் போய் வெட்டிட்டு தற்காப்புங்கான். முதுகு காட்டிட்டாம்னா தற்காப்பு முடிஞ்சுது, அதுக்கு மேல விழுத வெட்டு பழிதான்.

அளவு விசயத்துல ராத்பார்டே கறாரு. கடையில பபிள் கம் திருடுன பையனைச் சுட கடைக்காரனுக்கு உரிமை கிடையாதும்பாரு, சொத்து உரிமையைத் தலையில தூக்கி வச்சு ஆடுத ஆளே இப்படிச் சொல்லுதாரு. அப்ப உண்டியல்ல கை விட்டவனைக் கோயில் தூண்ல கட்டி வச்சு ராவெல்லாம் அடிக்கது எந்தக் கணக்குல வரும்? பிடிக்கலாம், காசைத் திரும்ப வாங்கலாம், போலீஸ் வரும் வரை நிறுத்தி வைக்கலாம். 'அம்மன் காசு'ங்கதுக்காகத் தனியா நாலு அடி கிடையாது, சாமியை எடுத்துட்டுப் பாக்கச் சொன்னேன்லா. இன்னும் ஒரு படி மேல போனவங்களும் உண்டு, ராபர்ட் லெஃபெவர்னு ஒருத்தரு, பதிலுக்குக்கூட பலம் பிரயோகிக்கக்கூடாதுங்க கட்சி, டால்ஸ்டாய் அதையே ஏசு பேர்ல சொன்னாரு. அருவாளுக்குப் பேரு எடுத்த ஜில்லாவுல அது செல்லுபடியாகுமான்னு தெரியல, கேட்டு வச்சுக்கிடுங்க.

பெரிய கேஸ் ஒண்ணைப் போட்டுப் பாத்தா கை பழகும். மணியாச்சி ஜங்ஷன், 1911 ஜூன் 17, கலெக்டர் ஆஷ் ரயில் பெட்டியில இருக்கும்போது வாஞ்சிநாதன் சுட்டாரு, பிறகு தன்னையும் சுட்டுக்கிட்டாரு. பையில இருந்த கடுதாசியில நாட்டைப் பறிச்ச ஆத்திரமும் இருக்கு, மிலேச்சன் சனாதன தர்மத்தை மிதிக்காங்கிற ஆத்திரமும் இருக்கு. சாமியை எடுத்துட்டுப் பாருங்க. சனாதனப் பகுதி அப்படியே உதிந்துரும், வேற மதத்துக்காரன் ஆளுதாங்கது மட்டும் சுடக் காரணம் ஆகாது. மிச்சம் நிக்கது எது? வ.உ.சி. 1906ல கப்பல் கம்பெனி ஆரம்பிச்சதையும் சர்க்கார் பலத்தை வச்சு அதை நசுக்குனதையும், 1908 மார்ச்சுல நெல்லையில துப்பாக்கிச் சூட்டுல நாலு பேரு செத்ததையும் எடுத்தா, முதல்ல கை வச்சது வெள்ளைக்கார சர்க்கார்தான்னு லிபர்ட்டேரியன் தலையாட்டுவான். ஆனா மூணு வருசம் கழிச்சு, பொஞ்சாதிகூட ரயில்ல உக்காந்திருக்குத ஆளைச் சுடுதது தடுக்கதா, பழி வாங்குததா? கம்பெனி திரும்ப வரப் போகுதா? என் பதில் பழிதான். இதை நம்ம ஊர் டீக்கடையில சொன்னா டீ கிடைக்காது, ஆனா கணக்குன்னா வேண்டப்பட்டவருக்கும் அதே கணக்குதான்.

இனி நொண்டுத இடம். கோயில் தனியார் சொத்துன்னா யாரை உள்ள விடணும்கிறது அவங்க இஷ்டம்னு கறாரான லிபர்ட்டேரியன் சொல்லுவான், 1964ல ஓட்டல், தியேட்டர்ல நிறம் பாத்து ஆளை ஒதுக்கக்கூடாதுன்ன அமெரிக்க சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிரா செனட்டர் கோல்ட்வாட்டர் ஓட்டுப் போட்டது ஏறக்குறைய இந்த நியாயத்துலதான். அதை அப்படியே நம்ம ஊருக்குக் கொண்டு வந்தா 1939 மதுரை ஆலயப் பிரவேசம் அத்துமீறல்னு ஆயிரும். எனக்கு அது ஒத்து வரல. ஏன்னா பெரிய கோயில்ல எதுவும் தனி ஆளு காசு கிடையாது, ராஜா குடுத்த மானியம், அந்த மானியம் எல்லார் வயல்லயும் பிடுங்குன வரி, கல்லு சுமந்தவன் பேரன்தான் வெளிய நின்னான். வெளிய நிப்பாட்டுனது சும்மா 'வராத'ங்கிற பேச்சும் இல்ல, வந்தா அடி. அப்ப முதல்ல கை வச்சது யாருன்னு கேட்டா அவங்க கணக்குலயே பதில் வேற மாதிரி வருது, அவங்கதான் அவ்வளவு பின்னால போய் பாக்க மாட்டேங்காங்க. சர்க்கார் கோயிலை விட்டு வெளிய போகணும், 1959 அறநிலையத் துறைச் சட்டம் வேண்டாம்ங்கிறதும் அவங்க கோரிக்கைதான், ஹஜ் மானியம் 2018ல நின்னதுக்கு அவங்களும் கை தட்டியிருப்பாங்க. வெளிய போகட்டும், சாவியை யார் கையில குடுத்துட்டுப் போகன்னு கேட்டா ஆளுக்கொரு பதில். கிடா வெட்டு மட்டும் லேசு: கோயில்ல பலி கூடாதுங்க 1950 சட்டத்தைத் தூசி தட்டி 2003ல தடுத்தாவ, 2004ல சட்டத்தையே எடுத்துட்டாவ, என் கிடா, என் நேர்ச்சை, சர்க்காருக்கு என்ன வேலை. ஆட்டுக்கு உரிமை உண்டான்னு கேட்டா அவங்களுக்குள்ளயே அடிச்சுக்கிடுவாங்க, நமக்கு வேண்டாம்.

அடுத்த கொடைக்கு முந்தி செய்ய வேண்டியது. ஊர்க்கூட்டத்துல வரி பேசும்போதே வரி நோட்டு முதல் பக்கத்துல எழுதிருங்க: வரிதாரரா இருக்கவனுக்கு என்ன பங்கு, விலகணும்னா எத்தனை மாசத்துக்கு முந்தி சொல்லணும், விலகுனவன் பழைய பாக்கியை எப்படி அடைக்கணும், மறுபடி சேரணும்னா என்ன. தண்ணி, பாதை, சுடுகாடு மூணும் இந்த நோட்டுக்குள்ள வராதுன்னு தனி வரியா எழுதுங்க, சொல்லாம விட்டா பிறகு யாராவது உள்ள கொண்டு வந்துருவான். குழாய் எத்தனை, எந்தப் பக்கம் பாத்து, எத்தனை மணிக்கு நிறுத்தணும், நிறுத்தச் சொல்ல யாருக்குப் பொறுப்பு, அவரு நம்பர். தகராறு வந்தா ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட மூணாவது ஊர் ஆளு ஒருத்தர் பேரையும் சண்டை இல்லாத இப்பவே போட்டு வைங்க, சண்டை வந்த பிறகு தேடுனா கிடைக்காது. தலைக்கட்டு எல்லாத்தையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, போட மாட்டேங்கிறவனை வற்புறுத்தாதிய, அவன் பேரை வரிதாரர் லிஸ்ட்ல எழுதாதிய, அவ்வளவுதான். ஜெராக்ஸ் எடுத்து ஒரு காப்பி கோயில் பெட்டியில, இன்னொண்ணு விலகிப் போறவன் கையில.